பிளக்கு மாப்ள

ஆமாங்கய்யா, அந்தப் பிளக்கு மாப்ள நாந்தான். முக்குக் காப்பிக்கடையில கேட்டுட்டுத்தான வாரீங்க? சிரிச்சிருப்பாய்ங்களே. சிரிக்கட்டும். மூணு வருசமாச் சிரிக்கிறாய்ங்க, இன்னும் அவய்ங்களுக்குப் பழசாகல. சவரியப்பன்னு கேட்டிருந்தீங்கன்னா ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது. பெத்த ஆத்தாளே சமயத்துல யோசிச்சுத்தான் கூப்புடுது.

உக்காருங்க. அந்தச் சாக்கு வேணாம், அது தவிடு, வேட்டியெல்லாம் அப்பிக்கிரும். இந்தா, இந்த நெல்லு மூட்டையில உக்காருங்க. எஞ்சின நிப்பாட்டியாச்சு, சோத்து வேளை, ஒரு மணி நேரத்துக்குச் சத்தம் இருக்காது. சாப்புட்டீங்களா? ரயில்ல வந்து திருப்பரங்குன்றத்துல எறங்கி அங்க இருந்து நடந்தா வந்தீங்க, இந்த வெயில்ல? அடடா. ஒங்க ஊரு உபதேசியார் எழுதியிருந்தாரு, பொண்ணோட அப்பா நேருல வந்து பையனப் பாக்கணுங்குறாருன்னு. என்னைக்குன்னு எழுதல. எழுதியிருந்தா மொதலாளிகிட்டச் சொல்லி வண்டி அனுப்பியிருப்பேன். சட்டையாச்சும் மாத்தியிருப்பேன்.

ம்ம். கேளுங்க. சுத்தி வளைக்க வேணாம்யா, அதைக் கேக்கத்தான வந்தீங்க. கல்யாணத்தன்னைக்கி கோயிலுக்குப் போகாம எஞ்சின் மேல ஏறி நின்னேனான்னு. நின்னேன். நெசந்தான். எல்லாத்தையும் சொல்லிர்றேன், பெறகு நீங்க முடிவு பண்ணுங்க.

இந்தா தெரியுதுல்ல, இதான் எஞ்சின். மலையில தேயிலை எஸ்டேட்டுல ஓடி ஓடி அலுத்துப்போனதை எங்க மொதலாளி சிஹாபுதீன் பாய் வாங்கியாந்து இந்த அவனியாபுரத்துல மில்லு போட்டாரு. காஜிமார் தெருக்காரரு, நல்ல மனுசன். எஞ்சினுக்குத்தான் வயசு ஜாஸ்தி. அந்த உச்சி இருக்கு பாருங்க, அதைத் தலைன்னு சொல்லுவோம். தலையில சாய்ச்ச மாதிரி ஒரு மொட்டு தெரியுதா? அதுதான் சூட்டு பிளக்கு. சுண்டுவெரல் தண்டிதான் இருக்கும். உள்ள ஒரு கம்பிச்சுருள். காலையில எஞ்சின் சில்லுன்னு கெடக்கும்ல, பேட்டரியத் தொட்டு அந்தக் கம்பியக் கனகனன்னு செவக்க வைக்கணும். அது செவந்தாத்தான் எண்ணெய் பத்தும், பத்துனாத்தான் சக்கரம் சுத்தும். ஒருதரம் சுத்திருச்சுன்னா பெறகு பிளக்கு தேவையில்ல, அது பாட்டுக்கு ஓடும். கல்யாணத்துத் தரகர் மாதிரி. ஆரம்பிச்சு வச்சுட்டு ஒதுங்கிக்கிரும்.

முப்பத்தெட்டாம் வருசம், ஈஸ்டர் கழிஞ்ச மாசம். வெள்ளிக்கெழமை ஜும்மாவுக்கு மில்லு லீவு. சனிக்கெழமை காலையில வந்து பேட்டரியத் தொடுறேன், செவக்கல. கம்பி அத்துப்போச்சு. சரி, அதுனால என்ன, புதுப் பிளக்கு ஒண்ணு பொட்டியில பத்திரமா இருக்கு. பழசக் கழட்டிட்டு இதை மாட்டுனா முடிஞ்சது சோலி, கால் மணி நேர வேலை. ஸ்பானரப் போட்டுத் திருப்புறேன். அசையல. இன்னுங்கொஞ்சம் அமுக்குறேன். அசையல. கரியும் துருவும் சேந்து அதைத் தலையோட தலையா வளத்து விட்டிருக்கு.

பலமா அடிச்சுத் திருப்ப வேண்டியதுதானன்னு நீங்க நெனைப்பீங்க, எல்லாரும் அப்பிடித்தான் நெனச்சாய்ங்க. அங்கதான்யா சிக்கல். பலமாத் திருப்புனா பாதியில முறிஞ்சு போகும். முறிஞ்ச நுனி உள்ள விழுந்துச்சுன்னா எஞ்சினே போச்சு. கொஞ்சூண்டு இங்கிட்டு, கொஞ்சூண்டு அங்கிட்டு, எண்ணெய விட்டு விட்டு, கோவப்படாம செய்யணும். எஞ்சின் சூடா இருந்தா லேசா வந்துரும். ஆனா எஞ்சின் சூடாகணும்னா ஓடணும், ஓடணும்னா நல்ல பிளக்கு வேணும், நல்ல பிளக்கு மாட்டணும்னா கெட்ட பிளக்கு வெளிய வரணும். இதை மொதலாளிக்கு வெளக்குறதுக்கே எனக்கு மத்தியானம் ஆயிருச்சு. அவரு வெரல மடக்கி மடக்கிப் பாத்துட்டு, அப்ப இது என்னைக்குமே வராதாடா சவரின்னாரு.

எனக்கு அடுத்த புதன்கெழமை கல்யாணம். கோயில்ல மூணு ஞாயிறும் கல்யாண ஓலை வாசிச்சாச்சு. பொண்ணு மதுரை டவுன்ல மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாரு ஞானமுத்துவோட மூத்த மக, பாக்கியமேரி. படிச்ச பொண்ணு. நான் நிச்சயத்தன்னைக்கி ஒருதரம் பாத்தது. காப்பி குடுக்க வந்துச்சு, தலை நிமிரல, தம்ளர் மட்டும் லேசா நடுங்குச்சு. நல்ல சகுனம்னு எங்க ஆத்தா சொல்லிச்சு.

இதுல இன்னொண்ணு என்னன்னா, கல்யாணச் சோத்துக்குண்டான நெல்லும் இங்கனதான் அவிச்சுக் காயப்போட்டுக் கெடக்கு. அதுனால வாத்தியாரே சனிக்கெழமை சாயங்காலம் குடையப் புடிச்சுக்கிட்டு வந்துட்டாரு. எஞ்சினப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு, தம்பி, வெரசா முடிங்க, நானூறு பேரு சாப்புடணும்னாரு. நானும் நாளைக்கு வந்துரும் ஐயான்னேன்.

ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு வந்து பாக்குறேன், ஊரே இங்க நிக்கிது. ஆளுக்கொரு ரோசனை. ஆஸ்பத்திரி கம்பவுண்டர் ஒருத்தர் நெல்லு அரைக்க வந்தவரு, வெளக்கெண்ணெய ஊத்துங்குறாரு, மனுசனுக்கு அடைச்சாலும் எஞ்சினுக்கு அடைச்சாலும் அதான் மருந்தாம். ஊத்துனோம். களத்துல நெல்லு காயவைக்கிற பொம்பளைகளுக்குத் தலைவி தங்கப்பொண்ணு, அது வந்து இது கண்ணுதான், புது மாப்ள கை பட்ட எஞ்சினுன்னு கண்டவ கண்ணெல்லாம் பட்டுருச்சுன்னு சொல்லி, உப்பு மொளகாயை எஞ்சினுக்கு மூணு சுத்துச் சுத்தி அடுப்புல போட்டுச்சு. நாங்க எல்லாரும் தும்முனோம், பிளக்கு அப்பிடியே இருந்துச்சு. மொதலாளி பள்ளிவாசல் அஜரத்துகிட்ட ஓதி வாங்கியாந்த கயித்தைப் பிளக்குக் கழுத்துல கட்டுனாரு. எங்க ஆத்தா கோயில்ல இருந்து மந்திரிச்ச தண்ணியக் கொண்டாந்து தெளிச்சுச்சு. தண்ணி படக்கூடாது ஆத்தா, துரு இன்னும் ஏறும்னேன். மாதா தண்ணியில எப்பிட்றா துரு ஏறும்னு என்னையவே வஞ்சிச்சு.

பெறகு கண்ணுச்சாமி. வில்லாபுரத்துக் கொல்லரு. அவரு சொன்னது உள்ளபடிக்கு நல்ல ரோசனை. எஞ்சின் ஓடித்தான சூடாகணும், நான் வெளிய இருந்து சூடாக்குறேன்னு துருத்தியத் தூக்கிட்டு வந்து எஞ்சின் தலையில கரியக் குமிச்சு ஊதுனாரு. ஒரு மணி நேரம். எஞ்சினைச் சுத்தி ஊத்துன வெளக்கெண்ணெய் அம்புட்டும் பத்திக்கிருச்சு. அணைக்கப் போனதுல கண்ணுச்சாமிக்கு ரெண்டு புருவமும் போச்சு. இப்பவும் எடது பக்கம் சரியா மொளைக்கல. எப்பப் பாத்தாலும் ஆச்சரியப்பட்ட மாதிரியே இருப்பாரு. ஆனா ஒண்ணு, அந்தச் சூட்டுல பிளக்கு ஒரு மயிரிழை அசைஞ்ச மாதிரி எனக்குக் கையில தெரிஞ்சிச்சு. நான் யாருகிட்டயும் சொல்லல. நம்ப மாட்டாய்ங்க.

திங்கக்கெழமை நல்லகாமன் வந்தாரு. ஜல்லிக்கட்டு மாடு வளக்குற மனுசன், பெரிய மீசை. மனுசக் கையால ஆகாதது மாட்டுக்கு ஆகும், என் செவலையக் கொண்டாந்து கட்டுவோம், ஒரே இழுப்புன்னாரு. நான் வேணாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். முறிஞ்சு போகும்யா, இது பக்குவத்துல வாரது, பலத்துல வாரது இல்லன்னேன். யாரு கேக்குறா. மொதலாளிக்கும் மூணு நாள் மில்லு நின்னதுல புத்தி கலங்கிப் போச்சு. பெரிய ஸ்பானரு, ஒரு முழம் நீளம், அதைப் பிளக்குல மாட்டி, ஸ்பானர் நுனியில வடக்கயித்தக் கட்டி, கயித்த மாட்டுக் கழுத்துல கட்டுனாய்ங்க.

ஐயா, அது வாடிவாசல்ல இருந்து பாயுற மாடு. அதுக்கு ஓடத் தெரியும், குத்தத் தெரியும். இழுக்கத் தெரியாது. ஏரு பாத்ததில்ல, வண்டி பாத்ததில்ல. அது பாட்டுக்கு நின்னுச்சு. நல்லகாமன் கெஞ்சுறாரு, செல்லங் கொஞ்சுறாரு, வாலை முறுக்குறாரு. அது குனிஞ்சு களத்துல காஞ்சுக்கிட்டிருந்த என் கல்யாண நெல்லத் திங்க ஆரம்பிச்சிருச்சு. அரை மணி நேரம் தின்னுச்சு. எல்லாரும் கையக் கட்டிக்கிட்டு மாடு சாப்புட்டு முடிக்கட்டும்னு நின்னோம். அந்நேரம் பாத்து கண்ணுச்சாமி, பாவம் புருவம் இல்லாத மனுசன், வேர்வை நேராக் கண்ணுக்குள்ள எறங்கியிருக்கு, கையில இருந்த சுத்தியலத் தகரத்து மேல நழுவ விட்டுட்டாரு.

அந்த டமாருக்கு மாடு மிரண்டு பறந்துச்சு பாருங்க. ஸ்பானர் பிளக்குல இருந்து நழுவி, கயித்தோட மாட்டுக்குப் பின்னாடி துள்ளிக்கிட்டே போகுது. களத்துக்குள்ள பூந்து நெல்லெல்லாம் வாரி எறைச்சுக்கிட்டு, வாசலத் தாண்டி, மேக்காம திருப்பரங்குன்றம் ரோட்டுல ஓடுது. ஸ்பானர் கல்லுல பட்டுப் பட்டு டிங்கு டிங்குன்னு சத்தம். வழியெல்லாம் கோயில் மாடு வருதுன்னு பொம்பளைக தண்ணிச் செம்போட வெளிய வந்து நின்னாளுகளாம். மாட்டுக்குப் பின்னாடி நல்லகாமன், அவருக்குப் பின்னாடி ஸ்பானரு ஸ்பானருன்னு எங்க மொதலாளி, அவருக்குப் பின்னாடி கண்ணுச்சாமி, தங்கப்பொண்ணு, களத்துப் பொம்பளைக அம்புட்டுப் பேரும். மில்லே காலியாயிருச்சு. நான் மட்டும் எஞ்சினோட இருந்தேன்.

நாலு மணிக்கித்தான் திரும்பி வந்தாய்ங்க. மாடு கெடைச்சிருச்சு, கம்மாய்க்குள்ள எறங்கிச் சேத்துல நின்னுச்சாம். ஸ்பானரக் காணோம். பிளக்கு தலையிலதான் இருந்துச்சு.

செவ்வாக்கெழமை ஒருத்தர் ஸ்பானரக் கொண்டாந்து குடுத்தாரு. ரயில்வே கேட்டுக்காரரு. தண்டவாளத்துப் பக்கம் கெடந்துச்சாம். ஏதோ ரயில் எஞ்சின்ல இருந்துதான் கழண்டு விழுந்துருச்சுன்னு பயந்து செவப்புக் கொடியக் காட்டி அடுத்த ரயில நிப்பாட்டிப்பிட்டாராம். டிரைவர் எறங்கி வந்து எஞ்சினச் சுத்திச் சுத்திப் பாத்து, எதுவும் கொறையலயேன்னு போயிருக்காரு. அன்னைக்கி முழுக்கத் திருப்பிப் பாத்தோம். எட்டுப் பேரு மாத்தி மாத்தி. அசையவே இல்ல. நேத்து வரைக்கும் லேசா இருந்த மாதிரி இருந்துச்சே சவரி, இப்ப என்னடா இம்புட்டு இறுக்கமாயிருச்சுன்னு மொதலாளி கேட்டாரு. நான் ராத்திரிப் பனி எறங்குச்சுல்ல மொதலாளின்னேன். சித்திரை மாசம்.

வாத்தியாரு வேற எங்கனயோ அரிசி வாங்கிக்கிட்டாரு. புதன்கெழமை விடியக்காலம் குளிச்சு, புது வேட்டி கட்டி, கோட்டு போட்டேன். ஆமா, கோட்டு தைச்சிருந்தேன்யா, டவுன்ஹால் ரோட்டுல அளவு குடுத்துத் தைச்ச கோட்டு. எட்டு மணிக்கு பூசை. ஆறு மணிக்கு எங்க ஆத்தாகிட்ட, ஒருதரம் மட்டும் போயி திருப்பிப் பாத்துட்டு வந்துர்றேன்னு சொல்லிட்டு இங்க வந்தேன். வந்து கோட்டைக் கழட்டி அந்த ஆணியில மாட்டிட்டு எஞ்சின் மேல ஏறுனேன்.

ஏழரைக்கு ஆத்தா வந்துச்சு. இந்தா வாரேன்னேன். எட்டு மணிக்கு எங்க கோயில் உபதேசியாரு சைக்கிள்ல வந்தாரு. இன்னும் பத்து நிமிசம்னேன். எட்டரைக்குத் திரும்ப வந்தாரு, சாமியாரு உடுப்போட நிக்கிறாருப்பான்னாரு. வந்துருச்சு, இந்தா அசையுதுன்னேன். ஒம்பது மணிக்கு வாத்தியாரே வந்துட்டாரு. பட்டு அங்கவஸ்திரம், கையில குடை. அவரு பின்னாடி பாதிக் கல்யாணக் கூட்டம். கூட்டத்துக்குப் பின்னாடி பேண்டு வாத்தியக்காரங்க. அவய்ங்களுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல போலருக்கு, கூட்டம் எங்க போகுதோ அங்க வாசிக்கிறதுதான வேலை, கல்யாணத்தை மில்லுக்கு மாத்திட்டாகன்னு நெனச்சு வாசிச்சுக்கிட்டே உள்ள வந்துட்டாய்ங்க. இந்தத் தகரக் கூரைக்குள்ள பேண்டு அடிச்சா எப்பிடி இருக்கும் பாத்துக்கங்க.

வாத்தியாரு, தம்பி எறங்குங்கன்னாரு. பேண்டு சத்தத்துல கேக்கல. ரெண்டாந்தரம் சத்தமாச் சொன்னாரு. இன்னும் பத்து நிமிசம் ஐயான்னேன். மூணாந்தரம் பேண்டை நிப்பாட்டச் சொல்லிட்டு, மெதுவாக் கேட்டாரு. ஒனக்கு என் மக முக்கியமா, இந்தப் பிளக்கு முக்கியமா? குனிஞ்சு ஸ்பானர அமுக்கிக்கிட்டே இருந்தேன். பெறகு அவரு, அப்ப இதையே கட்டிக்க, பொருத்தமாத்தான் இருக்கு, என் மகளை ஒரு கிறுக்கனுக்குக் குடுக்க மாட்டேன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லிட்டு, குடைய விரிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. மில்லுக்குள்ளயே விரிச்சிட்டாரு. வாசல்ல இடிச்சு மடக்கிட்டு, வெளிய போயித் திரும்ப விரிச்சாரு.

மாப்ள மாலைய என்ன செய்யறதுன்னு தெரியாம தங்கப்பொண்ணு அதை எஞ்சின் தலையில போட்டுருச்சு. அங்க ஆரம்பிச்சதுதான் இந்தப் பேரு.

பிளக்கு எப்ப வந்துச்சா? ஒம்பது நாள் கழிச்சு. எஞ்சின் தலையவே கழட்டி, வண்டியில ஏத்தி, மதுரையில ஒரு லேத்துப் பட்டறைக்குக் கொண்டு போயித் தொளை போட்டு எடுத்தோம். அந்தப் பட்டறைக்காரரு என்ன சொன்னாருங்குறீங்க, இது தானா இறுகுனது இல்லப்பா, எவனோ கொலைகாரன் மாதிரி முறுக்கியிருக்கான்னாரு. மொதலாளி எஞ்சின வித்த எஸ்டேட்டுக்காரனைத் திட்டுனாரு.

ஆத்தா ஆறு மாசம் என்கூட நேருல பேசல. சோத்தை வச்சுட்டு, சாப்புடச் சொல்லுன்னு சொவத்தப் பாத்துச் சொல்லும். மொதலாளி மட்டும் என்னையத் தலையில தூக்கி வச்சுக்கிட்டாரு. என் மில்லுக்காகப் பொண்ணையே விட்டவன்டா இவன்னு காஜிமார் தெரு முழுக்கச் சொல்லி, சிவகாசி வரைக்கும் சேதி போச்சு. எஞ்சின் வச்சிருக்குற ஆளுக எல்லாம் எங்கிட்ட வந்துருன்னு ஆள் விட்டாய்ங்க. பொண்ணு வச்சிருக்குற ஆளுகதான் ஒருத்தரும் வரல. மூணு வருசத்துல நீங்கதான் மொத ஆளு.

இல்லய்யா, தலையாட்டாதீங்க. நீங்க நல்லவிதமா எடுத்துக்குறீங்க. தொழில்ல இம்புட்டுப் பக்தி உள்ளவன் குடும்பத்தையும் விட மாட்டான்னு சொல்றீங்க. இதை வேற யாரும் இப்பிடிச் சொன்னதில்ல. தை மாசமா? சாமியார்கிட்டத் தேதி கேட்டுட்டே வந்துட்டீங்களா.

ம்ம். என்ன சொன்னீங்க, ஒங்க மகளா? சரிங்க. அது ஒங்க பேச்சுக்கு மறுபேச்சு பேசாது. நல்லது. வாயே தொறக்காதா. யாரைக் காட்டுனாலும் சரின்னுதான் சொல்லுமா.

கொஞ்சம் இருங்கய்யா, எந்திரிக்காதீங்க. இன்னொண்ணு இருக்கு. சொல்ல வேணாம்னுதான் நெனச்சேன். நீங்க இப்பச் சொன்னீங்கள்ல, வாயே தொறக்காதுன்னு, அதுனால சொல்றேன்.

அந்தத் திங்கக்கெழமை, மாட்டுக்குப் பின்னாடி எல்லாரும் ஓடுனாய்ங்கள்ல. இங்க நான் மட்டும் இருந்தேன். அம்புட்டுப் பேரு கத்தி முடிச்ச பெறகு ரொம்ப அமைதியா இருந்துச்சு. சின்ன ஸ்பானர எடுத்தேன். ஒரு சொட்டு எண்ணெய விட்டு இங்கிட்டு கொஞ்சம், அங்கிட்டு கொஞ்சம். அவசரமில்லாம. அது வந்துருச்சு. கடைசி நாலு சுத்து வெறும் வெரலாலயே திருப்பி எடுத்தேன். முறியல, ஒண்ணும் ஆகல, முழுசா என் உள்ளங்கையில கெடக்கு. எனக்கு யாருகிட்டயாச்சும் காட்டணும் போல இருந்துச்சு. திரும்புறேன், வாசல்ல பாக்கியமேரி நிக்கிது.

ஆமா, தனியாத்தான். இடுப்புல ஒரு நெல்லுப் பொட்டி, அரைக்க வந்த மாதிரி. அதை வைக்கவே தெரியல, வழுக்கிக்கிட்டே இருந்துச்சு. ஜட்காவுல வந்து கம்மாய்க் கரையில எறங்கி நடந்திருக்கு. மாடும் கூட்டமும் போறதைப் பாத்துட்டு ஒரு புளியமரத்துக்குப் பின்னாடி நின்னுட்டு வந்துச்சாம். நான் என்ன பேசுனேங்குறீங்க? வந்துருச்சு பாருங்கன்னு கையக் காட்டுனேன். அந்தப் பொண்ணுகிட்ட நான் பேசுன மொத வார்த்தை அதுதான்.

அது பிளக்கப் பாத்துச்சு. நல்லதுன்னுச்சு. பெறகு நின்ன எடத்துலயே நின்னு சொல்லிச்சு. மிஷன் ஆஸ்பத்திரியில நர்சுப் படிப்புக்கு எடம் கெடைச்சிருக்கு, ஒண்ணாந்தேதி போயிச் சேரணும். வந்த கடுதாசிய அப்பா கிழிச்சுப் போட்டுட்டாரு, டாக்டரம்மா இன்னொண்ணு எழுதிக் குடுத்திருக்காங்க. ஒங்க மேல ஒரு கொறையும் இல்ல, யாரா இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். கோயில்ல சாமியாரு சம்மதமான்னு கேக்குறப்ப இல்லன்னு சொல்லிரலாம்னு வீட்டுல தனியாச் சொல்லிச் சொல்லிப் பாத்தேன், சத்தம் வர மாட்டேங்குது. நான் மாட்டேன்னா அப்பா தாங்க மாட்டாரு. நீங்க மாட்டேன்னா எங்கிட்ட ஏதோ கோளாறுன்னு ஊரு சொல்லும், எனக்குக் கீழ ரெண்டு தங்கச்சிக. நீங்க புதன்கெழமை வராம இருக்க முடியுமா, யாரு மேலயும் பழி வராத மாதிரி?

அழுகலய்யா. அழுதிருந்தாக்கூட நான் ஏதாச்சும் சமாதானம் சொல்லியிருப்பேன். கணக்கு கேக்குற மாதிரி கேட்டுட்டு நின்னுச்சு. எனக்கு அந்தப் பொண்ணைப் புடிச்சிருந்துச்சு, அதையும் சொல்லிர்றேன். கோட்டு தைக்கிறவன் சும்மா தைப்பானா.

நான் பிளக்கப் பாத்தேன். அந்தப் பொண்ணும் பாத்துச்சு. படிச்ச பொண்ணுல்ல, நான் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி அதுக்குப் புரிஞ்சிருச்சு.

திரும்ப மாட்டுனேன். சின்ன ஸ்பானருக்கு ஒரு இரும்புக் குழாயச் சொருகி எம்புட்டு முடியுமோ அம்புட்டு முறுக்குனேன். பத்தாது, நீங்க மனசு மாறுனா கழட்டிருவீங்கன்னு சொல்லி, நெல்லுப் பொட்டியக் கீழ வச்சுட்டு அந்தக் குழாயில அதுவும் ஒரு கை புடிச்சுச்சு. ரெண்டு பேரும் சேந்து தொங்குனோம். நாங்க சேந்து செஞ்ச ஒரே காரியம் அதுதான். நல்லாத்தான் செஞ்சிருக்கோம். நானே பெறகு கழட்ட முடியல.

இப்ப அது நர்சம்மா. வாத்தியாரு, நல்லவேளை அந்தக் கிறுக்கன்கிட்ட இருந்து தப்பிச்சேன், இல்லாட்டி என் மக இம்புட்டுப் பெரிய வேலைக்கு வந்திருப்பாளான்னு பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. திரியட்டும். நீங்களும் இதை மனசோட வச்சுக்கங்க. அந்தப் பொண்ணு போயி ஒரு மாசம் கழிச்சு ஒரு கார்டு வந்துச்சு. பிளக்கு வந்துவிட்டதா, அம்புட்டுத்தான் எழுதியிருந்துச்சு. வந்துவிட்டதுன்னு பதில் போட்டேன்.

அதுனால ஐயா, தேதி இருக்கட்டும். ஊருக்குப் போயி ஒங்க மகளைக் கேளுங்க. நீங்க கேக்காதீங்க, நீங்க கேட்டா அது சரின்னுதான் சொல்லும். நீங்க வீட்டுல இல்லாத நேரமாப் பாத்து அவுங்க அம்மாவைக் கேக்கச் சொல்லுங்க. இந்த மாதிரி ஒருத்தன், எஞ்சின் ஓட்டுறவன், மேலெல்லாம் எண்ணெ நாத்தம், ஊருல சிரிக்கிறாய்ங்க, எல்லாத்தையும் மறைக்காமச் சொல்லிக் கேக்கணும். வாரேன்னு சொல்லுச்சுன்னா எனக்கு ரொம்பச் சந்தோசம். கோட்டு இன்னும் நல்லாத்தான் இருக்கு.

வேணாம்னு சொன்னாலும் அந்தப் புள்ளையத் திட்டாதீங்க. எனக்கு ஒரு கார்டு போடுங்க, காரணத்தை நான் பாத்துக்கிறேன். இந்த மில்லுல ரிப்பேராகுறதுக்கு இன்னும் எம்புட்டோ சாமான் இருக்கு.